உரிச்ச கிழங்கும் கைப்பிள்ளைக்காரியும்

கினி பிக் என்கிற சீமை எலியை வளர்ப்பதை ஒரு உத்தியோகம் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் இதில் லீவு கிடையாது, பெர்மிஷன் கிடையாது, ராஜினாமா எழுதினால் வாங்கிக்கொள்ள மேலதிகாரியும் கிடையாது. அதிலும் முடியே முளைக்காத ரகம் என்றால் ஓவர்டைமும் சேர்ந்துகொள்ளும். வெயில் பட்டால் தோல் காந்தும், ஈரக்காற்று பட்டால் நடுங்கும், கரடுமுரடான சாக்கில் படுத்தால் கீறிக்கொள்ளும்.

மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் சகோதரிகளே, யாரோ ஆசைப்பட்டுக் கொண்டுவந்த பிராணிக்கு நீங்கள் தண்ணீர் வைத்துக்கொண்டிருப்பவராக இருந்தால், இது உங்களுக்கும் சேர்த்துத்தான். என்னுடையவன் இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறான். எந்த வரியில் எழுந்து அழுவான் என்று தெரியாததால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கம்பெனி சரக்கு

பிரசவத்துக்குத் தூத்துக்குடியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நான் கோவில்பட்டிக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. புரட்டாசி வெயில். எங்களுக்கு பிளாஸ்டிக் சாமான் கடை. கல்லாவில் என் மாமியார், அதாவது அத்தை உட்காருவார்கள். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவில் வாளியும் குடமும் ஏற்றிக்கொண்டு எட்டயபுரம், நாகலாபுரம் பக்கம் வியாபாரத்துக்குப் போவார். அன்று அத்தை கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் கொழுந்தன் சுரேஷ் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினான். தோளில் வலை வைத்த பை. வெளிநாடு போகிற சிநேகிதன் ஒருத்தனிடமிருந்து தத்து எடுத்துக்கொண்டானாம். "ரெண்டே வாரம் மதினி. புது ரூம் பாத்ததும் வந்து தூக்கிட்டுப் போயிருதேன்" என்றான். அந்த ரெண்டு வாரம் இன்னும் முடியவில்லை.

பையைத் திறந்தான். ரோஸ் நிறத்தில், முதுகில் கருந்திட்டுகளோடு, உள்ளங்கை இரண்டையும் நிறைக்கிற அளவில் ஒரு உடம்பு. மூக்கின்மேல் மட்டும் கொஞ்சம் முடி, ஷேவிங்கைப் பாதியில் விட்டுவிட்டு யாரோ எழுந்து போனதுபோல. பெயர் பப்லு. "ஏலே, என்னலே இது, உரிச்ச சேப்பங்கெழங்கு மாதிரி? சீக்கா?" என்றார்கள் அத்தை. சீக்கில்லை, பிறக்கும்போதே இதற்கு முடி கிடையாது, இந்த ரகமே இப்படித்தான் என்று அவன் விளக்கினான். அத்தை பையைச் சுற்றி வந்து, கடையில் வாளியில் விரிசல் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள்: "கம்பெனியிலயே முடி வைக்கலைன்னா வெலையில கழிச்சுக் கேட்டியாலே?"

தினமும் ரசமா?

பப்லுவின் வீடு கடையிலிருந்து வந்த பெரிய நீலத் தொட்டி. அதன் சாப்பாட்டைப் பற்றி போனில் தேடித் தேடிப் படித்தேன். மனுஷர்களைப் போலவே இதன் உடம்பும் வைட்டமின் சி-யைத் தானாகச் செய்துகொள்ளாதாம்; வெளியிலிருந்துதான் தரவேண்டுமாம். நெல்லிக்காயில் சின்னத் துண்டு, குடைமிளகாய், கொத்தமல்லி. உருளைக்கிழங்கும் வெங்காயமும் கூடவே கூடாது. பிள்ளைக்கு ஐந்து மாதம், இன்னும் பால்தான். ஆக, என் வீட்டில் காய்கறி நறுக்கி ஊட்டவேண்டிய ஒரே ஜீவன் இதுதான். பிளாஸ்டிக் கவர் சரசரத்தால் போதும், "வீக், வீக்" என்று விசில் அடிக்கும். பிளாஸ்டிக் கடைக்காரர் வீட்டில் கவர் சரசரக்காத நேரம் ஏது?

மார்க்கெட்டில் நான் வழக்கமாகக் கீரை வாங்கும் அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தினமும் கொத்தமல்லியா, உங்க வீட்ல தினமும் ரசமா என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். வாடின இலை, பழுத்த இலை எல்லாம் கிள்ளி, கழுவி, ஈரம் துடைத்துத்தான் வைக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கொத்தமல்லிக் கட்டை என் பையில் போடாமல் கையிலேயே வைத்து ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். "எங்க வீட்டு மனுசன் இத்தன வருசத்துல எனக்கு ஒரு கீரைய இப்படி ஆஞ்சு குடுத்ததில்ல தாயி. அடுத்த பெறவி இருந்தா உங்க வீட்டு எலியாப் பொறக்கேன்."

கெடை

கொத்தமல்லி பலகாரம் மாதிரி. சாப்பாடு காய்ந்த புல்தான். முடியில்லாத உடம்புக்குச் சூடு தீனியில் இருந்துதான் வரவேண்டும் என்பதால் பப்லு நாள் முழுக்க மென்றுகொண்டே இருக்கும். புல்லுக்கு என் வீட்டுக்காரர் நாகலாபுரத்தில் ஆடு வைத்திருக்கும் வேலுச்சாமி அண்ணாச்சியைப் பிடித்தார். கோடையில் ஊர் ஊராகக் காடுகளில் இரவில் ஆட்டை மறித்துக் கெடை போட்டு, அந்தப் புழுக்கையால் நிலத்துக்கு உரமேற்றிக் கொடுப்பவர். கோவில்பட்டிக்கு வரும்போதெல்லாம் ஒரு கட்டுப் புல் இறக்கிவிட்டுப் போவார்.

முதல் தடவை தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "பால் குடுக்குமா?" "குடுக்காது அண்ணாச்சி." "கறிக்கா?" "ஐயோ, இல்ல." "பின்ன இதை வச்சு என்னதான் செய்யுதீய?" இவ்வளவு புல்லைத் தின்கிறதே, ஏதாவது ஒரு பிரயோஜனம் சொல்லியாக வேண்டும் என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. "நெறைய புழுக்கை போடும்" என்றேன். அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க. நம்ம காட்டுல கெடை போட அனுப்புங்க. எம் பேரன் கல்யாணத்துக்குள்ள ஒரு மூலையாவது உரமாகும்லா."

வேண்டுதல்

ஐந்தாம் மாதம் சாஸ்தா கோயிலில் பிள்ளைக்குப் பிறந்த முடி எடுத்தோம். மறுநாள் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெரியம்மா பிள்ளையைப் பார்க்க வந்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளை பாயில் கிடந்தான். தோல் வறண்டிருந்ததால் அப்போதுதான் பப்லுவுக்குத் துளி தேங்காய் எண்ணெய் தடவி, காற்று படாத மூலையில் விட்டிருந்தேன். அது பளபளவென்று நடந்து வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது.

பெரியம்மா பிள்ளையைப் பார்த்தார். பப்லுவைப் பார்த்தார். மறுபடி பிள்ளையைப் பார்த்தார். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு ஒருத்தனுக்குத்தான் இருந்தது என்பதால் அடையாளம் தெரிந்திருக்கவேண்டும். குரலைத் தாழ்த்தி அத்தையிடம் கேட்டார்: "பேரனுக்கு எடுத்தீய, சரி. அதுக்கும் சேத்தா நேந்துகிட்டீய?"

கழுத்து எங்கே?

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பப்லு நடுங்கியது. என்னோடு கான்வென்டில் படித்த ஸ்டெல்லா புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கும் யூனிட் நடத்துகிறாள். விரிப்புக்கு ஆகும் என்று வெட்டி விழுந்த பனியன் துண்டுகளை ஒரு மூட்டை அனுப்பினாள். அதோடு விடவில்லை. நடுங்குகிறது என்று நான் சொல்லியிருந்தேனே, சட்டைக்கு அளவு கேட்டாள். நான் இஞ்சு டேப்பை வைத்து நெஞ்சும் நீளமும் சொல்லிவிட்டேன். கழுத்தளவுக்கு அரைமணி நேரம் தேடினேன். அப்படி ஒன்று அதற்கு இல்லை.

சட்டை வந்தது. காலர், பாக்கெட், பின்னால் அவளுடைய யூனிட்டின் லேபிள்கூட உண்டு. போட்டுவிட்டேன். பப்லு அப்படியே நின்றது. நகரவில்லை, மெல்லவில்லை, கவரைச் சரசரத்துப் பார்த்தேன், விசில்கூட இல்லை. பயந்துபோய்க் கழற்றிவிட்டு ஸ்டெல்லாவுக்கு போன் போட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எல்.கே.ஜி.ல யூனிபார்ம் போட்ட முத நாளு நீயும் இப்படித்தாம்ட்டி நின்ன. பாத்ரூம் போணும்னு கேக்கக்கூட வாயத் தெறக்கல."

நகவெட்டி

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டால்தான் மேலே எழுத முடியும். எனக்கு என் பிள்ளையைக் கண்டாலே பயம். தூக்கினால் கழுத்து சாயுமோ, திருப்பினால் கை பிசகுமோ என்று. அம்மா வீட்டில் எல்லாவற்றையும் அம்மா செய்தார்கள். இங்கே குளிப்பாட்ட செல்லத்தாய் அக்கா வருகிறார். பாலூட்டுவதும் பார்த்துக்கொண்டே இருப்பதும்தான் என் பங்கு. நகம் வளர்ந்து கன்னத்தில் கீறிக்கொள்வான். வெட்டப் பயந்து கைக்கு உறை மாட்டிவிடுவேன்.

பப்லுவின் நகத்தை வெட்ட யாரும் வரமாட்டார்கள். அதை யாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவும் இல்லை. ஒரு மத்தியானம் துண்டில் சுற்றி, வியர்க்க வியர்க்க, ஒவ்வொரு விரலாக வெட்டி முடித்தேன். ரத்தம் வரவில்லை. அது என் கையை நக்கியது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், தூங்கும் பிள்ளையின் உறையை மெல்லக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஒத்திகை முடிஞ்சிட்டுல்லா? வா, நாடகத்த ஆரம்பி."

பந்தியில் வஞ்சனை இல்லை

செல்லத்தாய் அக்கா குளிப்பாட்டுவதைப் பார்ப்பதே ஒரு அழகு. காலை நீட்டி, பிள்ளையைக் கணுக்காலோரம் குப்புறப் போட்டு, தண்ணீர் மூக்கில் ஏறாமல் கையால் தடுத்து ஊற்றுவார். துவட்டியதும் தணல் கரண்டி வரும். சாம்பிராணியைத் தூவி, மேலே கூடையைக் கவிழ்த்து, அந்தப் புகையில் பிள்ளையின் தலையையும் முதுகையும் காட்டுவார். நீர் கோக்காமல் இருக்க. அம்மா வீட்டிலும் இதுதான், எல்லார் வீட்டிலும் இதுதான். முன்பெல்லாம் ஜன்னல் திறந்திருக்கும். மழை தொடங்கியதிலிருந்து, சாரல் அடிக்கிறதென்று, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தித்தான்.

மூலையில் நடுங்கிக்கொண்டிருந்த பப்லுவைப் பார்த்து அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. நீலத் தொட்டியைக் கரண்டிக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தார். கொஞ்சம் சாம்பிராணியைக் கூடுதலாகத் தூவி, முறத்தால் தொட்டிக்குள் விசிறியும் விட்டார். அன்றிலிருந்து அதுவும் தினப்படி ஆனது. நான் சிரித்துக்கொண்டே பார்த்திருந்தேன். அக்கா சொன்னார்: "பச்ச ஒடம்பு எல்லாம் ஒண்ணுதாம்மா. ஒரு பிள்ளைக்குப் போட்டுட்டு இன்னொண்ணுக்குப் போடலைன்னா ஏங்கிப்போவும்."

இல்லை, இல்லை, இல்லை

ஒரு வாரத்தில் பிள்ளைக்கு இருமல். பிறகு நெஞ்சுக்குள் விசில். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. சகோதரிகளே, அந்தக் குழியைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. பார்க்காதவர்கள் பார்க்காமலே இருக்கட்டும். பப்லு விசில் அடித்தால்கூட நான் ஓடிப்போய்த் தொட்டிலைப் பார்த்தேன்.

குழந்தை டாக்டர் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார். மூச்சு தணிந்தது. பிறகு கேள்விகள். "வீட்ல சிகரெட் உண்டா?" "இல்ல டாக்டர்." "விறகடுப்பு?" "இல்ல." "கொசுவத்தி?" "இல்ல." எல்லாமே சத்தியம். "நாய், பூனை, முடி கொட்டுற பிராணி ஏதாவது?" "பிராணி உண்டு டாக்டர். கொட்ட முடி இல்ல." போனில் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இதைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வச்சுப் பாருங்க. மத்த எல்லாத்துக்கும் இல்லைன்னுட்டீங்க. பழி போட எனக்கும் இது ஒண்ணுதான் மிச்சம்."

தீர்ப்பு

வீட்டில் விசாரணையே நடக்கவில்லை. முடியில்லாத பிராணி, ஊர் தெரியாத பிராணி, அது வந்தபிறகு வந்த சீக்கு, வேறென்ன வேண்டும்? சுரேஷுக்கு போன் போட்டால், "மதினி, ரெண்டு வாரம் மட்டும்" என்றான். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எதிர்த்துப் பேசவில்லை. அதனால்தான் என்றால் அது போகத்தான் வேண்டும். என் பிள்ளையின் மூச்சைவிட எனக்கு எதுவும் பெரிதில்லை. ஆனால் அது போயும் இருமல் நிற்காவிட்டால்? அப்புறம் யாரை அனுப்புவது? இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமல் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

அத்தைக்குக் கொடுமைக்காரியாக இருக்கத் தெரியாது. தெருவில் விடச் சொல்லவில்லை. நல்ல இடமாகப் பார்த்தார்கள். கல்லாவைப் பூட்டுகிற குரலில் சொன்னார்கள்: "ஞாயித்துக்கெழம வேலுச்சாமி வாராரு. புல்லை எறக்கிட்டுக் கெழங்கை ஏத்திக்கிடட்டும்."

ஆட்டாஸ்பத்திரி

அதற்குள் பப்லுவும் தும்ம ஆரம்பித்தது. மூச்சு விடும்போது உள்ளே 'க்ளிக்' என்று ஒரு சத்தம். சரியாகத் தீனி எடுக்கவில்லை. இது ஒரு நாள் பட்டினி கிடந்தாலே ஆபத்து என்று படித்திருந்தேன். ஞாயிறுவரை தாங்காது என்று பயந்து, புதன்கிழமை மூடி போட்ட பெரிய வாளியில் ஓட்டை போட்டு அதற்குள் வைத்து, பிள்ளையையும் மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரின் லோடு ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளாடு, ஒரு கன்றுக்குட்டி, கோணிப்பைக்குள் இரண்டு சேவல்.

டாக்டர் நல்ல மனுஷர். இதை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், ஆட்டுக்குப் போடும் சில மருந்து இதற்கு ஆகாது, விசாரிக்காமல் ஊசி போடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கூடப் படித்த யாருக்கோ போன் போட்டுக் கேட்டார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். அது பப்லுவின் நெஞ்சை முழுசாக மூடிவிட்டது. "நாள் முழுக்க இப்படியா?" "இல்ல சார். காலையில நல்லாருக்கும். பதினோரு மணி வாக்கில தும்மும். மத்தியானம் ஒண்ணும் திங்காது. சாயந்திரம் தேவலை." "பதினோரு மணிக்கு உங்க வீட்ல என்ன நடக்கு?" "பிள்ளையக் குளிப்பாட்டுவோம்." "பிள்ளையக் குளிப்பாட்டினா இது எதுக்குத் தும்முது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நான் நினைப்பதற்கு முன்னால் அது தானாக வந்தது: "சாம்பிராணி." சிகரெட் புகை, அடுப்புப் புகை, லாரிப் புகை, இவைதான் என் கணக்கில் புகை. சாம்பிராணி நெற்றியில் வைக்கும் திருநீறு மாதிரி, மஞ்சள் மாதிரி. அதை யாராவது புகை என்பார்களா? பிள்ளை எந்நேரமும் அழுவான் என்பதால் அவனுக்கு எப்போது இழுக்கிறது என்று யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. டாக்டர் வாளியை எட்டிப் பார்த்தார். "கொட்டில்ல பொகமூட்டம் போட்டா ஆடு கயித்த அத்துக்கிட்டு வெளிய ஓடிரும்மா. நீங்க இத ஓடவிடாம தொட்டிக்குள்ள வச்சுல்லா போட்டிருக்கீங்க."

என் வீரம்

ஓட முடியாத இன்னொருத்தன் என் மடியில் இருந்தான். வீடு திரும்பும்வரை மனசுக்குள் ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்: 'அத்தை, பிள்ளைக்கு இனி சாம்பிராணி வேண்டாம்.' இவ்வளவுதான். ஆனால் கான்வென்டில் எங்களுக்குக் கையைத் தூக்கி, சிஸ்டர் தலையசைத்த பிறகு பேசத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். யாரும் தலையசைக்காவிட்டால் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு பிள்ளையை அந்தப் புகையில் வளர்த்தவர்கள். நான் ஒரு பிள்ளையின் நகத்தை வெட்டியவள்.

"அத்தை, பப்லுவுக்குப் புகை ஆகாதாம். டாக்டர் சொன்னாரு" என்றேன். "அப்போ தொட்டியத் தள்ளி வையி." "வீட்டுக்குள்ள எங்கன போட்டாலும் அதுக்கு ஆகாதாம் அத்தை. கதவெல்லாம் சாத்தியிருக்குல்லா. ஞாயித்துக்கெழம வரைக்கும் போடாம இருந்தா..." என் பிள்ளைக்காகக் கேட்கத் தைரியமில்லாததை உரிச்ச கிழங்கின் பெயரால் கேட்டேன். சகோதரிகளே, சிரிக்காதீர்கள். உங்களில் எத்தனை பேர் மனசில் இருப்பதை அப்படியே சொல்லியிருக்கிறீர்கள்? அத்தை ஒரு வாய் சோறு உருட்டினார்கள். "போற உசுரு. நாலு நாளு நல்லா மூச்சு விட்டுட்டுப் போட்டும்."

குழம்பில்லாத சோறு

செல்லத்தாய் அக்காவிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. தணல் கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிள்ளையை நன்றாகத் துவட்டி, காதுக்குப் பின்னால், கக்கத்தில், தொடை மடிப்பில் ஈரம் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து, பனியன் துணியில் சுற்றி என் நெஞ்சோடு வைத்தார். சூட்டுக்கு இனி நீதான் என்று அர்த்தம். நான் பிடித்துக்கொண்டேன். கழுத்து சாயவில்லை.

ஆனால் அவருக்குக் கை பரபரத்தது. கூடையை எடுத்தார், வைத்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து மோந்து பார்த்தார். "பிள்ள குளிச்ச மாதிரியே இல்லையேம்மா. கொழம்பு ஊத்தாத சோறு மாதிரில்லா மணக்கான்."

ஞாயிற்றுக்கிழமை

வியாழன் இருமல் குறைந்தது. வெள்ளிக்கிழமை பப்லு கவர் சத்தத்துக்கு விசில் அடித்தது. சனிக்கிழமை பிள்ளையின் நெஞ்சில் விசில் இல்லை. திருஷ்டி பட்டுவிடும் என்பதுபோல எல்லாரும் அந்தப் பேச்சைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். சனிக்கிழமை மத்தியானம் அத்தை கடையிலிருந்து சீக்கிரம் வந்தார்கள். பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்கள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நீலத் தொட்டிக்குள் வெகுநேரம் பார்த்தார்கள். கவரிலிருந்து ஒரு முள்ளங்கி இலையை எடுத்துப் போட்டார்கள். அதை நான் வாங்கி வரவில்லை.

ஞாயிறு காலை பப்லுவின் துணித் துண்டுகளை மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தேன். "ஏட்டி அனிதா" என்றார்கள் அத்தை. "மாட்டு டாக்டரு கெழங்குக்கு மட்டுந்தான் புகை வேண்டாம்னாரா?" எனக்குக் கை தானாக மேலே உயர்ந்துவிடும்போல இருந்தது. "அவர் அதுக்குத்தான் சொன்னாரு அத்தை. பிள்ளைக்கும் ஆகாதோன்னு... எனக்குத் தோணுச்சு." "எப்போ தோணுச்சு?" "புதன்கெழம." "இன்னைக்கு என்ன கெழம?" நான் மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

வேலுச்சாமி அண்ணாச்சி செருப்பில் பாதிக் கரிசல் காட்டை ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். புல்லை இறக்கினார். "எங்கன அது? குடுங்க, மழைக்கு முன்னால போயிருதேன்" என்றார். என் வீட்டுக்காரர் தொட்டிப் பக்கம் நகர்ந்தார். அத்தை இருந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "அதக் குடுக்கதா இல்ல அண்ணாச்சி, இங்கனயே கெடக்கட்டும். இந்த வீட்ல ஒண்ணு சரியில்லைன்னா இவ வாயத் தெறந்து சொல்லமாட்டா. அதுவாவது தும்மும்."

ஆக, அன்றிலிருந்து மருமகள் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லும் உத்தியோகம் உரிச்ச கிழங்குக்கும், அதற்குக் கொத்தமல்லி ஆயும் உத்தியோகம் எனக்கும் நிரந்தரமாகிவிட்டன.